வான்கூவர் விமானத்துக்கு நான் போட்ட டைம்

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, திருத்தணி மலை மேல், மொட்டை போடும் மண்டபத்தில் நடந்தது இது. அறுபது சொந்தக்காரர்களுக்கு நடுவில் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எங்கள் பக்கத்து ஆட்கள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்காத பாதி ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்.

நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுத வேண்டும். டீக்கடையில் நிற்கும் ஓட்டுநரை விரட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே, "பஸ் எப்பங்க வரும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பதில் சொல்வதில்தான் தொழில் சூட்சுமம் இருக்கிறது. பள்ளிப்பட்டு வண்டி பாதி வழியில் பஞ்சராகி நிற்கிறது என்று எனக்கு ஃபோன் வந்திருக்கும். அதை அப்படியே சொன்னால் கூட்டம் என் மேஜையைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். அதனால், "தோ, வந்துகினே இருக்கும்மா" என்று சொல்லிவிடுவேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதையே சொன்னால் ஒரு மணி நேரம் தெரியாமல் ஓடிவிடும். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. இரண்டு ஊருக்கு நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஸ்மார்ட்ஃபோன் வந்த பிறகு இது முற்றிவிட்டது. வேலை இல்லாத நேரத்தில், நான் ஜென்மத்துக்கும் போகப்போகாத இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டிவிட்டு, கிலோமீட்டரையும் பறக்கும் நேரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பள்ளிப்பட்டு வண்டி ஓட்டிய ஓட்டுநர் ஒருவர் எனக்கு உயிர் நண்பர். மனைவி சீக்கிரமே போய்விட, ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் தனி ஆளாக வளர்த்தவர். பிள்ளைகள் இரண்டும் என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். பையன் ஐந்து வருடத்துக்கு முன் கனடா போய், வான்கூவரில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்று வருடத்துக்கு முன் என் நண்பர் திடீரென்று இறந்துபோனார். பையனின் வேலை அனுமதிப் பத்திரங்கள் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தன. கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். மறுநாள் சாயங்காலம் இருட்டும் வரை அவனுக்காகக் காத்திருந்து, பிறகு பங்காளிப் பையனை வைத்துக் காரியத்தை முடித்தோம். "வர்றேன்னு சொல்லிட்டு வரல பாருங்க" என்று அந்தப் பெண் அழுத அழுகை எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அன்றோடு அண்ணன் நம்பரை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டாள். அடுத்த வருடம் அவள் கல்யாணத்தைத் தாய் தகப்பன் இடத்தில் நின்று நானும் என் மனைவியும் நடத்தி வைத்தோம். அதற்குக்கூட அண்ணனைக் கூப்பிடவில்லை.

பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குலதெய்வம் போல எங்களுக்கெல்லாம் மலையில் இருக்கும் முருகன்தான். அங்கேதான் முதல் மொட்டை, அங்கேதான் காது குத்து. இரண்டுக்கும் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவளுடைய மாமனார், ஆர்.கே.பேட்டை பக்கம் நிலபுலம் உள்ளவர், கொஞ்சம் கறார், ஒரு நாள் எங்கள் முன்னாலேயே கேட்டார்: "மாமன் மடிக்கு யாரை உக்கார வெக்கிறது?" என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எங்க அண்ணன்தான். அப்பாவுக்குத்தான் வரல. எம் பொண்ணுக்காவது வரட்டும்."

நான் உடனே அவனுக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே நடுநிசி. ஆனாலும் அடுத்த நிமிடமே பதில் வந்தது. தை மாதத்தில் இன்ன திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிகிறது, அதற்குப் பிறகு எட்டு நாள் லீவு, எப்படியும் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான்.

ஜோசியர் அந்த வாரத்தில் இரண்டு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். புதன் அல்லது வெள்ளி. மாமனார் என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை எங்க பங்காளி வீட்டு கல்யாணம் கீதுங்க. புதன்கிழமை காலையில ஒம்போதுலருந்து பத்தரைக்குள்ள வெச்சிக்கினா எங்களுக்குத் தோது. ஆனா அவரு வந்து சேந்துடுவாரா? வர முடியாதுன்னா சொல்லுங்க, வெள்ளிக்கிழமையே வெச்சிக்கினு ரெண்டுத்தையும் சமாளிச்சிக்கலாம்."

அவர் எவ்வளவு நியாயமாகக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி தூரம், நேரம் பற்றியது. அதுவும் கூடத்தில் பத்துப் பேர் முன்னால் கேட்டது. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தேன். சென்னை, வான்கூவர் என்று தட்டினேன். பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பறக்கும் நேரம் ஏறக்குறைய பதினைந்து மணி என்று வந்தது. அங்கே திங்கள் சாயங்காலம் ஆறு என்றால் இங்கே செவ்வாய் காலை ஏழரை. அதோடு பதினைந்தைக் கூட்டினால் செவ்வாய் இரவு பத்தரை.

"செவ்வாய்க்கிழமையே மீனம்பாக்கத்துல எறங்கிடுவான்ங்க. ஊட்டுக்கு வந்து நல்லா தூங்கி எழுந்து, குளிச்சிட்டு, சாவகாசமா மலை ஏறலாம்" என்றேன்.

"நிச்சயமா பெரியப்பா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"டைம் போடறது எந்தொழில் கண்ணு."

புதன்கிழமை என்று முடிவாயிற்று. பத்திரிகை அடித்தார்கள். அதில் தாய்மாமன் மடியில் அமர்த்தி என்று ஒரு வரி போட்டு, அதற்குக் கீழே அவன் பெயர். அவள் மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அவனை ஃபோனில் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "புதன்கிழமை காலையில பத்து மணிக்குள்ள எம் பொண்ணு உம் மடியில இருக்கணும்." அந்தப் பக்கம் அவன், "ஆங், வந்துடறேன்" என்றானாம். பத்து வினாடிகூட ஆகவில்லை, ஃபோனை வைத்துவிட்டாளாம்.

நான் அன்றைக்கு உற்சாகத்தில் மிதந்தேன். எழுதுபொருள் கடைக்காரரிடம் ஓர் உலக உருண்டையை இரவல் வாங்கி வந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த லுங்கிக் கட்டிலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு முனையைச் சென்னையில் கட்டை விரலால் அழுத்தி, இன்னொரு முனையை வான்கூவருக்கு இழுத்தேன். நூல் குறுக்கே போகும் என்று நினைத்தேன். தொய்வில்லாமல் இழுக்க இழுக்க அது வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. இமயத்தைத் தாண்டி, சீனாவைத் தாண்டி, ரஷ்யாவின் பனிக்காட்டைத் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கியது. தட்டையான படத்தில் சுற்றுவழியாகத் தெரிவது உருண்டையில் குறுக்குவழி! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவன் வயித்துக்குச் சோறு போடுவாங்களா அதுல?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

விழாவுக்கு நாலு நாள் முன்னால், சனிக்கிழமை, அவனிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வாரமாகத் தேடிப் பார்த்துவிட்டானாம். நேராகச் சென்னைக்கு வரும் விமானமே கிடையாது. ஐரோப்பாவில் ஓரிடத்தில் இறங்கி, வளைகுடாவில் இன்னோர் இடத்தில் இறங்கி மாற வேண்டும். இருப்பதிலேயே சீக்கிரம் வருவது புதன்கிழமை மத்தியானம் இரண்டரைக்குத்தான். "தங்கச்சிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க பெரியப்பா. நான் சொன்னா வெச்சிடுவா" என்று முடித்திருந்தான்.

தூரமும் நேரமும் பார்த்த பழைய பக்கத்தை ஃபோனில் மறுபடி திறந்து கீழே தள்ளிப் பார்த்தேன். அது நேர்க்கோட்டில் போட்ட கணக்குத்தான், உண்மையான பயணம் வேறுபடும் என்று கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. பள்ளிப்பட்டு வண்டிக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பவர்களிடம், "கிலோமீட்டர் பாத்தா ஆவுமா? எத்தினி ஸ்டாப்பிங் கீது பாருங்க" என்று இருபத்தெட்டு வருடமாகக் கத்திக்கொண்டிருப்பவன் நான். ஆகாயத்தில் போகிற வண்டி என்றதும் ஸ்டாப்பிங் கேட்க மறந்துவிட்டேன்.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜோசியரிடம் ஓடி, சாயங்காலத்தில் ஒரு நேரம் கிடைக்குமா என்று கேட்டேன். பத்திரிகை அடித்த பிறகு எதற்கு மாற்றுவது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாளை ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை அவள் ஃபோன் செய்தாள். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று மொச்சைக் குழம்பு வைத்திருக்கிறாளாம். கிளம்பிவிட்டானா என்று கேட்டாள்.

"வந்துகினே இருக்கான் கண்ணு. கொஞ்சம் லேட்டு. காலையில நேரா மலைக்கே வந்துடுவான்" என்றது என் வாய்.

புதன்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. பட்டுப் பாவாடையில் குழந்தை. மணி ஒன்பதே கால். மாமன் சீர் வரிசை வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் பாய் காலியாக இருந்தது. அவள் படிக்கட்டுப் பக்கமும் கார் வரும் பாதைப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி வேறு வழியில்லை என்றதும் நடந்ததைச் சொன்னேன். விமானம் இன்னும் வளைகுடாவை விட்டே கிளம்பவில்லை, அவன் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், சனிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமனார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினார். அது பரவாயில்லை. அந்தப் பெண் கத்தவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா செத்த அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க பெரியப்பா. வந்துகினே இருக்கான், வந்துகினே இருக்கான்னு. அன்னிக்கு வர்றேன்னு அண்ணன் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?"

அன்றைக்கு விடியற்காலையில் அந்தப் பையன் என்னிடம்தான் ஃபோனில் பேசினான். பத்திரம் கையில் இல்லை, வர முடியாது, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேம்பித் தேம்பி அழுதான். அப்பாவின் காலடியில் விழுந்து கிடந்த பெண்ணிடம் போய் அதை எப்படிச் சொல்வது? அப்போதைக்கு அவள் அழுகையை அடக்க வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் தினமும் சொல்லும் அதே நாலு வார்த்தையைச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வரை சொன்னேன். பிறகு அவள் அண்ணனைத் திட்டியபோது, சின்னப் பிள்ளைகள், நாலு நாளில் சரியாகிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். நாலு நாள் மூன்று வருடமாகிவிட்டது.

"நான்தான் சொன்னேன். அவன் அன்னிக்கே வர முடியாதுன்னுதான் சொன்னான்" என்றேன்.

அவள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமனார், நேரம் தவறுகிறதே, தங்கள் பக்கத்தில் மாமன் முறை உள்ள ஒருவரை உட்கார வைத்து முடித்துவிடலாம் என்றார். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "எங்க அண்ணன் வர வரைக்கும் யார் மடியிலயும் குடுக்க மாட்டேன் மாமா." அதுவரை கத்தியைத் தீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மொட்டை போடுபவர்தான் வழி சொன்னார்.

"அதுக்கு இன்னாங்க இப்போ? நல்ல நேரத்துல பூமுடி எடுத்துடலாம். அம்மா மடியிலயே இருக்கட்டும். ஆரம்பிச்சா மாதிரி ஆச்சு. மாமன் வந்ததும் மீதிய எடுத்துக்கலாம். நான் எங்கயும் போவல, சாயங்காலம் வரைக்கும் இங்கதான் கீறேன்."

முழு மொட்டைக்குப் பதிலாகக் காணிக்கையாக மூன்று கற்றை முடியை மட்டும் நறுக்குவதற்கு எங்கள் பக்கம் பூமுடி என்று பெயர். மாமனார் யோசித்தார், மருமகள் முகத்தைப் பார்த்தார், சரி என்றார். பத்து மணிக்கு மூன்று கற்றை விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு செயலி என் ஃபோனில் உண்டு. எல்லோருடைய கோபத்துக்கும் ஒதுங்கி ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து அதைத் திறந்தேன். முதலில் வந்து எட்டிப் பார்த்தவர் மாமனார். என்னோடு பேசுவதில்லை என்ற முறுக்கு முகத்தில் இருந்தது. ஆனால் கண் ஃபோனில் இருந்தது.

"எங்க கீறாரு இப்போ?"

"கடல் மேலங்க. அரபிக் கடல்."

"இத்தினூண்டு மஞ்சளா நவுருதே, அதா?"

"ஆங், அதுதாங்க."

அரை மணி நேரத்தில் என்னைச் சுற்றி இருபது பேர். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தவர்கள்கூடக் கிளம்பவில்லை. எவ்வளவு உயரம், வெளியே குளிருமா, கடல் நடுவில் வழி எப்படித் தெரியும் என்று ஒரே கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அப்படிச் சொல்வது வாய்க்குப் புதிதாக இருந்தது. திங்கட்கிழமை ராத்திரி ஏறியவன் புதன்கிழமை இறங்குகிறான் என்றால் செவ்வாய்க்கிழமை எங்கே போயிற்று என்று ஒரு பெரியம்மா கேட்டார். அதை விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

இரண்டு மணி தாண்டியதும் அந்தப் பெண்ணே எழுந்து வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே திரையைப் பார்த்தாள். வேலூரைத் தாண்டிவிட்டது. எல்லோரும் மலையின் தெற்கு ஓரச் சுவருக்குப் போனோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தோம். அரக்கோணத்துக்கு அப்பால், வெகு தூரத்தில், வெயில் பட்டு ஒரு வெள்ளைப் புள்ளி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அதுதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஃபோன் அதுதான் என்றது. அவள் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "தோ பாரு, மாமா" என்றாள். குழந்தை பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்துச் சிரித்தது.

ஐந்தே காலுக்கு அவன் வந்தான். வழியில் சாலை நெரிசலாம். முகம் வீங்கி, சட்டை கசங்கி, ஒரு பை தோளில் தொங்க, மண்டப வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பது போல இருந்தது. அவள் எழுந்து போனாள்.

"அன்னிக்கு நீ வர்றேன்னே சொல்லலியாமே" என்றாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்போ?" என்றான். பிறகு புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். "நான் எங்க பாப்பா சொன்னேன். வர முடியலன்னுதானே..." என்று ஆரம்பித்தான். அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

மூன்று கற்றை குறைந்த தலையோடு குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தது. முடி விழ விழ அது அழ, அதைவிட அதிகமாக மாமன் அழுதான். காது குத்தும்போது அவனைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. மாமனார்தான் தோளைத் தட்டி, "எத்தினி மணி நேரம்ங்க பிரயாணம்?" என்று பேச்சை மாற்றினார். "ஊட்டுலருந்து கெளம்பி முப்பத்து மூணு மணி நேரம் ஆச்சுங்க" என்றான். மாமனார் என்னைப் பார்த்து, "கேட்டுக்கினீங்களா டைம் கீப்பர்?" என்றார். அதிலிருந்துதான் அந்தச் சிரிப்பு தொடங்கியது.

அவன் திரும்பிப் போகும்வரை தங்கை வீட்டில்தான் இருந்தான். இரண்டு பேரும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் நான் தேவைப்படுவதில்லை. இரண்டு பேருமே என்னை அதற்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று சில சமயம் நினைப்பேன்.

போன வாரம் கைக்குழந்தையோடு ஒரு பெண் என் மேஜைக்கு வந்து பள்ளிப்பட்டு வண்டி எப்போது வரும் என்று கேட்டாள். வழியில் பழுதாகி நிற்பதாக அப்போதுதான் ஃபோன் வந்திருந்தது. நாக்கு நுனி வரை அந்தப் பழைய பதில் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்மா, எப்பன்னு எனக்கே தெரியல" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, சரிங்க என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்க நிழலுக்குப் போய்விட்டாள். அந்த விமானம் எனக்குக் காட்டிய பதினாறு மணி நேர வித்தியாசத்தை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. ஓர் அண்ணனையும் தங்கையையும் நான் காக்க வைத்த மூன்று வருடத்தை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாமல் நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.